அதிபருக்குப் பிறகுதான் லாரி

ஹாலிஸ் சுத்தியலால் மேஜையை இரண்டு முறை தட்டியும் ஓரின் உட்காரவில்லை.

"ஒம்பதாவத அப்புறம் பாத்துக்கலாம் தலைவரே. மொதல்ல எட்டாவத முடிங்க. வரிசைன்னா வரிசைதான்."

எட்டாவது விஷயம், அமெரிக்க அதிபரைப் பதவிநீக்கம் செய்யச் சொல்லி ஊர் சார்பில் நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம். ஒன்பதாவது, ஊருக்குப் புதிதாக ஒரு பனி தள்ளும் லாரி. மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை வெர்மாண்டில் ஊருக்கு ஊர் கூட்டம் நடக்கும். வெஸ்ட் கார்லோ கிராமமும் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

ஹாலிஸுக்கு அதிபர் இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். லாரி வேண்டும். இருக்கிற லாரி போன புயலில் குன்றின் பாதி ஏற்றத்திலேயே படுத்துவிட்டது. அந்தக் குன்றின் உச்சியில் அவருடைய மகள் தெல்மா நிறைமாதமாக இருக்கிறாள். வலி எடுக்கிற நாளில் பனி கொட்டினால் ஆம்புலன்ஸ் மேலே ஏறாது. இதை நினைத்து அவர் சரியாகத் தூங்கிப் பல நாளாகிறது. ஆனால் கூட்டத் தலைவர் எந்தப் பக்கமும் பேசக் கூடாது. வாயைக் கட்டிக்கொண்டு சுத்தியலைப் பிடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

லாரிக்கு எமன் ஓரின். வருஷா வருஷம் எழுந்து, டயர் என்ன டயர், பழைய வண்டியாக ஏன் வாங்கக் கூடாது, வண்டிக்கு ரேடியோ எதற்கு என்று குடைவார். பால் கறக்கும் நேரம் வந்ததும் எல்லோரும் "வேண்டாம்" என்று கை தூக்கிவிட்டுத் தொழுவத்துக்கு ஓடுவார்கள்.

இந்த வருஷம் அதற்கும் முன்னால் அதிபர் வந்து குறுக்கே படுத்துவிட்டார். மதியச் சாப்பாட்டைக் கவனித்துக்கொள்ளும் பெர்னிஸ்தான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி அந்த மனுவைக் கொடுத்தவள். லாரிக்கு முந்தியே கொடுத்துவிட்டதால் நிகழ்ச்சி நிரலிலும் முந்திக்கொண்டது. அரசியல் பித்துப் பிடிக்காத ஆள் இந்த வருஷம் யார் இருக்கிறார்கள் என்று ஹாலிஸ் விட்டுவிட்டார்.

சீக்கிரம் முடிக்க ஒரு வழி செய்தார். ஆளுக்கு இரண்டு நிமிஷம், அதற்கு மேல் பேசக் கூடாது என்றார். அதுவரை ஐந்தாறு பேர்தான் பேசுவதாக இருந்தார்கள். ஆளுக்கு இரண்டு நிமிஷம் உண்டு என்று தெரிந்ததும், கிடைத்த பங்கை விடுவானேன் என்று ஊரே எழுந்து ஒலிபெருக்கிக்கு முன்னால் வரிசையில் நின்றது.

சரி, இது நடக்காத காரியம் என்று புரிந்துவிட்டால் அடங்கிவிடுவார்கள் என்று, ஓய்வுபெற்ற வக்கீல் விட்காம்பை விளக்கச் சொன்னார். விட்காம்ப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"கீழவையில பாதிக்கு மேல ஓட்டு விழுந்தா குற்றம் சாட்டலாம். அதுகூட நடக்கும்னு வைங்க. மேலவையில மூணுல ரெண்டு பங்கு வேணும். அவரோட கட்சிக்காரங்களே அவருக்கு எதிரா வந்தாத்தான் உண்டு. இதுவரைக்கும் எந்த அதிபரும் அப்படி வெளிய போனதில்ல."

"அப்ப நடக்காதுங்கிறீங்க?" என்றார் ஓரின்.

"நடக்காது."

"நடக்காத விஷயத்துக்கு எதுக்குத் தீர்மானம்?"

"நடக்காதுல்ல, அப்புறம் நிறைவேத்துறதுல ஒனக்கென்ன நஷ்டம்?" என்றாள் பின்வரிசையிலிருந்து தபால் அலுவலக ஐரீன்.

அவ்வளவுதான், அடுப்பில் எண்ணெய் விட்டது போலாயிற்று. அதிபர் போனால் துணை அதிபர்தானே வருவார், அவர் மட்டும் என்ன ஒழுங்கு என்று ஒருவர் கேட்டார். அவரையும் சேர் என்று திருத்தம் வந்தது. அவருக்கு அடுத்து சபாநாயகர். அவரையும் சேர். இப்படியே ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டு வந்து விவசாய அமைச்சரில் முட்டினார்கள். அங்கே மாடு வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே ஆளாக எழுந்தார்கள். பால் விலை விஷயமாக அவரிடம் மனு போட்டிருக்கிறோம், அவர்மேல் கை வைத்தால் நடப்பதே வேறு என்றார்கள்.

ஹாலிஸ் சாப்பாட்டு இடைவேளை விட்டார். வயிறு நிறைந்தால் கோபம் தணியும் என்பது அவர் கணக்கு. ஆனால் அதிபர் போக வேண்டும் என்கிறவர்கள் ஒரு மேஜையிலும் இருக்க வேண்டும் என்கிறவர்கள் இன்னொன்றிலும் உட்கார்ந்தார்கள். பன்றி இறைச்சி ஒரு பக்கமும், மேப்பிள் பாகு ஊற்றி வேகவைத்த பீன்ஸ் இன்னொரு பக்கமும் மாட்டிக்கொண்டன. பாதி ஊர் வெறும் பீன்ஸோடு எழுந்தது. அந்தக் கடுப்பில் வீட்டிலிருந்த மாமன் மச்சானுக்கெல்லாம் போன் போட்டு வரவழைத்தார்கள். இடைவேளைக்குப் பிறகு அரங்கில் நிற்க இடமில்லை.

வேறு வழி தெரியாமல் சீட்டில் எழுதி ஓட்டுப் போடச் சொன்னார். எண்ணிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சரிசமம். மறுபடி எண்ணினார்கள். அப்போதும் அப்படியே.

"சமமா வந்தா தலைவர் ஓட்டுத்தான்," என்றார் விட்காம்ப், யாரும் கேட்காமலே.

அரங்கு மொத்தமும் ஹாலிஸைப் பார்த்தது. "ஆம்" என்றால் இந்தப் பக்கத்தார் லாரியைக் கவிழ்ப்பார்கள், "இல்லை" என்றால் அந்தப் பக்கத்தார் கவிழ்ப்பார்கள். குன்றின் மேல் தெல்மா தனியாக ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. கண் கலங்கிவிட்டது.

அப்போது சமையலறை வாசலில் ஏப்ரனோடு நின்ற பெர்னிஸ் கரண்டியை உயர்த்தினாள்.

"மனுக் குடுத்தவ நான்தான். ஆமாவும் வேணாம், இல்லையும் வேணாம். முடிவே எடுக்காம இத அப்படியே தாண்டிப் போயிரலாம்னு கேட்டுக்கிறேன். அதுக்கும் நம்ம விதியில எடமிருக்கு."

எல்லோருக்கும் தொண்டை போயிருந்தது. தோற்கவில்லை என்பதே இரண்டு தரப்புக்கும் போதுமாக இருந்தது. ஒருமனதாகத் தாண்டினார்கள்.

ஹாலிஸ் ஒன்பதாவதை வாசித்தார். எதிர்பார்த்தபடியே ஓரின் எழுந்தார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. துணை அதிபர், சபாநாயகர், விவசாய அமைச்சர் என்று அத்தனை பேருக்காகவும் கூச்சல் போட்டுக் குரலை மிச்சமில்லாமல் தீர்த்துவிட்டிருந்தார். கடைசியில் பக்கத்திலிருப்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மாடு கத்திக்கிட்டிருக்கும். வாங்கித் தொலைங்க," என்றார்.

எல்லாக் கையும் உயர்ந்தன. ஐரீனும் மாடு வளர்ப்பவர்களும் ஒன்றாகக் கை தூக்கியதை அன்றைக்கு முதல் தடவையாகப் பார்த்தார் ஹாலிஸ். சுத்தியலைத் தட்டியதும் சந்தோஷத்தில் அது கை நழுவி விட்காம்பின் காலில் விழுந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

அரங்கு காலியானதும் தெல்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார். பெர்னிஸ் அண்டா துலக்கிக்கொண்டிருந்தாள். அவரும் ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"அக்கா, குளிர்ல அவ்ளோ வீடு ஏறி எறங்கிக் கையெழுத்து வாங்கின. கடைசில அதிபர் விஷயம் ஒண்ணுமில்லாமப் போச்சே."

பெர்னிஸ் அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவரு கெடக்கட்டும்ப்பா. அடுத்த வருஷம் புதுப் பாலத்துக்கு ஓட்டுக் கேக்கணும்ல, அதுக்கு முன்னாடி யாரப் பதவிலேர்ந்து எறக்கலாம்னு இப்பவே யோசிச்சு வை."