நாற்பத்திரண்டாவது பிரேக் வேன்

இனி இந்த வீட்டுக்குள் ஒரு பிரேக் வேன் வந்தாலும் பின்னறை உனக்கு என்று என் மனைவி பெரிலுக்கு நானேதான் வாக்குக் கொடுத்தேன். கிறிஸ்துமஸ் புட்டிங் தின்ற மயக்கம்.

இங்கிலாந்தில், யார்க்‌ஷயரின் டான்காஸ்டரில் எங்கள் வீட்டில் வெளிச்சம் வரும் அறை அது ஒன்றுதான். அங்கேதான் என் குட்டி ரயில்கள் ஓடுகின்றன. அந்தக் காலத்துக் கரி வண்டி இறக்கத்தில் தறிகெட்டு ஓடாமல், கடைசிப் பெட்டியில் கார்டு ஒருவர் உட்கார்ந்து பிரேக்கைத் திருகிப் பிடிப்பார். அந்தப் பெட்டிதான் பிரேக் வேன். மற்றப் பிள்ளைகள் எஞ்சினுக்குக் கையசைத்தார்கள். நான் பிரேக் வேனின் சிவப்பு விளக்கு மறையும்வரை நின்றவன். ஆகவே என்னிடம் எஞ்சின் மூன்று, பிரேக் வேன் நாற்பத்தொன்று.

மே மாதம் வரை தாங்கினேன். பிறகு ஒரு சனிக்கிழமை, மாதிரி ரயில் கண்காட்சியில் ஒன்று என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். தொப்பிக்குள் வைத்துத் தலையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"சாப்பிடுறப்பவாவது தொப்பியக் கழட்டு, கிளிஃபர்ட்."

"தலை குளிருதும்மா."

"மே மாசத்துலயா?"

"வயசாகுதுல்ல."

அவள் உருளைக்கிழங்கை நகர்த்தி வைத்தாள். சாப்பிட்டதும் பின்னறைக்கு ஓடி, அவசர அவசரமாகக் கரி வண்டியின் வாலில் அதை மாட்டினேன். பழுப்புப் பெட்டிகளுக்குப் பின்னால் இன்னொரு பழுப்புப் பெட்டி. அவளுக்கு என்ன தெரியப் போகிறது?

பெரில் வந்து நின்றாள். ரயில் இரண்டு சுற்று சுற்றியது.

"கடைசிப் பெட்டி புதுசு."

"எல்லாம் பழசுதான்."

"நம்ம ஊர்ப் பக்கத்து வேனுக்கு ரெண்டு முனையிலயும் வராந்தா இருக்கும். இதுக்கு ஒண்ணுதான். இது மேற்கு ரயில் கம்பெனியோடது. நியூட்டன் ஆபட்னு ஊர்ப் பேர் எழுதியிருக்கு பாரு. அந்த யார்டுக்குன்னே ஒதுக்கின வண்டி யார்க்‌ஷயர் கரிக்குப் பின்னாடி எதுக்குப்பா வருது?"

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். அவள் சொன்னது அத்தனையும் சரி. குட்டி ரயில் கிளப்பில் முப்பது பேருக்குப் பாடம் எடுக்கிற நான், அவசரத்தில் அதைக் கவனிக்கவே இல்லை.

"உனக்கு... இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"முப்பத்தஞ்சு வருஷமா சாப்பாட்டு மேசையில சொல்லிக்கிட்டே இருக்கியே. செவுத்துக்கிட்டயா சொன்னே?"

சுவரிடம்தான் சொல்கிறேன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அறை போன அதிர்ச்சியைவிட இது பெரிது.

மறுநாள் காலை அட்டைப் பெட்டிகளோடு பின்னறைக்குப் போனேன், ரயில்களை மூட்டை கட்ட. அவள் ஜன்னலைத் திறந்துவிட்டு என் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். நியூட்டன் ஆபட் வேன் தனித் தண்டவாளத்தில், சரியான எஞ்சினுக்குப் பின்னால் நின்றது.

அதையெல்லாம் எங்கே எடுத்துப் போகிறாய், அறை என்றால் அதில் இருப்பதும் சேர்த்துத்தான் என்றாள்.

ஆகவே ஒரு வேன்கூட வெளியே போகவில்லை. நான் மட்டும் போனேன்.