ரூசு நின்ற வாசல்கள்

லோம்போலா,
மார்ச் மாதம், புதன்கிழமை காலை.

அன்பும் கோபமும் சரிபாதியாக உள்ள என் அக்கா ஹில்காவுக்கு,

தம்பி ஆர்வி எழுதிக்கொள்வது. இங்கே நானும், பதினான்கு நாய்களும், அணையவிடக் கூடாது என்று நீ சொல்லிவிட்டுப் போன அடுப்பும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் புது முழங்காலும் ஒருவருக்கொருவர் பழகிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டுகிறேன். ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பே இல்லை என்று சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இங்கே சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு தட்டுக்கு மேல் இறங்கவில்லை.

போனில் சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். நேற்று போனில் நான் "அக்கா, அது வந்து" என்று ஆரம்பித்தேன், நீ வைத்துவிட்டாய். முப்பத்தொரு வருஷம் தபால்காரனாக இருந்தவன் நான். கடிதத்தை யாரும் பாதியில் வெட்ட முடியாது. நீ நேற்று சொன்னது எனக்கு அப்படியே காதில் நிற்கிறது: "ரூசுக்கு வயசாயிடுச்சுடா, வழி மறந்துட்டா. ஏழு குளிர்காலம் என் கையில ஓடினவ, ஒரு வீட்டு வாசல்லயாவது நின்னுருப்பாளா? சனிக்கிழமை கெமியிலேருந்து ஆள் வருவான். வீட்டு நாயா வளர்த்துக்கட்டும், கொடுத்து அனுப்பிடு." அக்கா, நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், ரூசு எதையும் மறக்கவில்லை. எல்லாவற்றையும் நினைவு வைத்திருப்பதால்தான் இத்தனை வம்பும் வந்தது. தப்பு முழுக்க என்னுடையது. ஒளிக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் செய், ரூசுவை மட்டும் அனுப்பிவிடாதே.

திங்கட்கிழமை காலை ஹெல்சிங்கியிலிருந்து அந்தச் சுற்றுலாக் கம்பெனி அம்மாள் கிர்சி தன் கணவர் அந்தெரோவோடு வந்து இறங்கினாள். அடுத்த குளிர்காலம் முழுக்க நம்மிடம் ஆள் அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வந்தவள் என்று நீதான் எச்சரித்திருந்தாய். நானும் புதுச் சட்டை போட்டிருந்தேன். வந்ததும் என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள்: "ஐயா, எங்க ஆளுங்க அமைதிக்காகத்தான் இவ்வளவு தூரம் வராங்க. நாள் முழுக்க ஒரு வீடு, ஒரு புகை, ஒரு மனுஷ முகம் கண்ணுல படக்கூடாது. நீங்களும் பேசக்கூடாது." நான் பேசாமல் தலையாட்டினேன். அதற்குள் பனிச்சறுக்கு வண்டிகளில் பூட்டியாகிவிட்ட பத்து நாய்களும் ஊரே இடிந்து விழுகிற மாதிரி ஊளையிட ஆரம்பித்தன. "இதுதான் அமைதியா?" என்று அந்தெரோ கேட்டார். கிளம்பினால் அடங்கிவிடும் என்று சைகையில் சொன்னேன். கிளம்பினதும் அடங்கவும் அடங்கிற்று. முன் வண்டியில் ஆறு நாய், நான் பின்னால் நின்று ஓட்ட, கிர்சி உள்ளே கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தாள். பின் வண்டியில் நாலு நாய், அந்தெரோவே ஓட்டினார். ஏரி முழுக்க வெயில், பனி பளபளவென்று இருந்தது. கிர்சி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நானும் பெருமையாக நின்றேன். அந்த நேரம் பார்த்து நடு வரிசை நாய் ஒன்று ஓடிக்கொண்டே தன் காலைக் கடனை முடித்தது. காற்று எங்கள் பக்கம்தான் அடித்தது. அதற்குப் பிறகு அவள் கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.

இப்போது நான் ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் வருகிறது. நீ கிறிஸ்துமஸுக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததிலிருந்து இந்த இரண்டரை மாதமும் நாய்களை நான்தானே ஓட்டினேன்? ஓட்டினேன். எங்கே ஓட்டினேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அக்கா, முப்பத்தொரு வருஷம் ஒவ்வொரு வீட்டிலும் தபாலைக் கொடுத்துவிட்டுக் காப்பி குடித்த உடம்பு இது. ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள், காப்பியை எப்படி நிறுத்துவது? பழைய தபால் வழியிலேயே நாய்களை ஓட்டிக்கொண்டு போனேன். சைமா வீடு, கௌக்கோ வீடு, பழைய பள்ளிக்கூடம். நான் உள்ளே குடிக்கும்வரை வெளியே நாய்கள் குளிரில் நிற்குமே என்று ஆளுக்கொரு துண்டு சாசேஜ். தினமும். முன்னால் ஓடி வழி காட்டுகிற ரூசு கெட்டிக்காரி. மூன்றாம் நாளே கணக்கைப் புரிந்துகொண்டாள்: வீடு வந்தால் நிற்பது, ஆர்வி இரண்டு கப் முடிக்கும்வரை எழுந்திருப்பதில்லை.

ஏரி முடிகிற இடத்தில் அந்தக் கோணல் பைன் மரம் இருக்கிறதே, அங்கே வலப்பக்கம் திரும்பினால் மலையடிவாரம், மனுஷ வாடையே கிடையாது. "ரூசு, வலது!" என்றேன். ரூசு ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். ஆர்விக்கு இன்றைக்கு என்னவோ உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பாள். இடப்பக்கம் திரும்பிவிட்டாள். ஆறு நாயும் திரும்பிற்று, பின் வண்டியும் திரும்பிற்று. பிரேக்கை மிதித்தேன், கத்தினேன், கெஞ்சினேன். ஐந்து நிமிஷத்தில் சைமா வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது, ஆறு நாயும் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. எதிரே கொடியில் சைமாவின் உள்பாவாடைகள் விறைத்துத் தொங்கின. "இது என்ன?" என்றாள் கிர்சி. "காட்சி பார்க்கிற இடம்மா," என்றேன். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு சைமா வந்துவிட்டாள். "ஏண்டா ஆர்வி, தினம் ஒன்பதரைக்கு வருவே, இன்னிக்குப் பத்தாகப் போகுது? காப்பி கொதிச்சுக் கொதிச்சுக் கஷாயமாயிடுச்சு. யாரு இவங்க, சொந்தமா? வாங்க வாங்க, உள்ள வாங்க!"

நீயே சொல், காப்பி ஊற்றிவிட்டவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஹெல்சிங்கியில் இருந்தாலும் கிர்சியும் இந்த நாட்டுப் பெண்தானே, அவளாலும் முடியவில்லை. நம் ஊர் வழக்கப்படி காப்பிக் கப்பில் பாலாடைக்கட்டித் துண்டைப் போட்டு நீட்டினாள் சைமா. ஒரு கப்போடு எழுந்தால் சைமா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், அதனால் இரண்டு கப். அதற்குள் தன் பித்தப்பையை எடுத்த கதையை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும், தையல் போட்ட இடத்தைச் சட்டைக்கு மேலேயே விரலால் வரைந்து காட்டிச் சொன்னாள். மூன்று வாரமாக என்னைத் தவிர அவளுக்குப் பேச ஆளில்லை, பாவம். கிர்சி வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அமைதியாக இருக்க வேண்டும் என்று சொன்னவள், சொன்னபடியே இருந்தாள்.

அடுத்து கௌக்கோ வீடு. இந்த முறை நான் கட்டளை எதுவும் கொடுக்கவில்லை, கொடுத்து என்ன பிரயோஜனம். கௌக்கோவைத்தான் உனக்குத் தெரியுமே, வருஷத்துக்கு நாற்பது வார்த்தை பேசுகிற மனுஷன். காப்பியை வைத்தான், எதிரே உட்கார்ந்தான், ஜன்னலைப் பார்த்தான். நாலு பேரும் இருபது நிமிஷம் ஜன்னலைப் பார்த்தோம். கிர்சி என் காதருகே குனிந்து, "ஐயா, நான் தேடி வந்த அமைதி இதுதான்," என்றாள். எனக்கு உயிர் வந்தது. அப்போதுதான் கௌக்கோ அந்தெரோவைப் பார்த்துத் தன் வார்த்தைகளில் மூன்றைச் செலவழித்தான்: "சௌனா சூடா இருக்கு."

அதற்கும் முடியாது என்று சொல்லக்கூடாதே! இருவரும் துணியைக் கழற்றிவிட்டு அந்த நீராவிக் குளியலறைக்குள் போய்விட்டார்கள். கிர்சி வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடினாள். நான் மட்டும் அவள் மறந்து வைத்த கையுறையை எடுக்கத் திரும்பினேன். போகும்போது வண்டி நகராமல் பிடித்து வைக்கும் பனிக்கொக்கியைக் குத்தி மிதித்தேனா என்று கேட்காதே. மிதித்ததாகத்தான் ஞாபகம். சரியாக அந்த நேரத்தில் சௌனாக் கதவு படாரென்று திறந்து, கௌக்கோவும் அந்தெரோவும் பிறந்த மேனியாக அலறிக்கொண்டு வந்து, சூடு தணியப் பனியில் விழுந்து புரண்டார்கள். நாய்கள் மிரண்டு எழுந்தன. கொக்கி பிடுங்கிக்கொண்டது. ஓட்ட ஆளே இல்லாமல் வண்டி கிர்சியோடு காட்டுக்குள் போய்விட்டது. கையுறையை விட்டுவிட்டுப் பின் வண்டிக்கு ஓடினேன் அக்கா, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தெரோ, "என் பொண்டாட்டி!" என்று கத்தினார். மாட்டியிருந்த கௌக்கோவின் கலைமான் தோல் கோட்டை எடுத்துப் போட்டு, வெறுங்காலில் பூட்ஸை நுழைத்து என்னோடு பின் வண்டியில் ஏறினார். நாலு நாய் எங்கள் இரண்டு பேரை இழுத்தன. வழியெல்லாம் அவர் பல் தந்தியடித்தது, என் பல்லும்தான். ஒவ்வொரு வளைவிலும் வண்டி கவிழ்ந்து கிடக்குமோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கவிழவில்லை. என் ரூசு எங்கே போவாள்? பழைய பள்ளிக்கூட வாசலில் வண்டி நேராக நிற்கிறது, நாய்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. உள்ளே தினமும் கூடித் தறி நெய்யும் பெண்கள் ஏழு பேருக்கு நடுவில் கிர்சி, கையில் கப்பும் மடியில் ஏலக்காய் ரொட்டியுமாக. நாங்கள் கதவைத் திறந்தோம். கோட்டுக்குக் கீழே அந்தெரோவின் கால்களைப் பார்த்து ஏழு தறியும் நின்றுவிட்டது. "யாருடி இது, கௌக்கோ கோட்டுக்குள்ள?" என்று ஒருத்தி கேட்டாள். "எங்க வீட்டுக்காரர்தான்," என்றாள் கிர்சி. அவ்வளவுதான், கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. மலையடிவாரத்துக்கு நாங்கள் போகவே இல்லை. நான் பிளாஸ்கில் கொண்டுபோன மீன் சூப்பை மாலையில் நாய்கள்தான் குடித்தன. கிளம்பும்போது கிர்சி, "உங்க அக்காவுக்கு நானே எழுதறேன்," என்று மட்டும் சொன்னாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் அவர்கள் ஆபீசிலிருந்து யாரோ உனக்குப் போன் செய்து, நாய் வழி தவறியதாகச் சொல்லிவிட்டார்கள். மீதி உனக்கே தெரியும்.

ஆகவே அக்கா, நீ வளர்த்த வளர்ப்பில் ஒரு குறையும் இல்லை. உன் கையில் எந்த வாசலிலும் நிற்காத நாயை நான்தான் இரண்டரை மாதத்தில் கெடுத்தேன். இன்னும் என்னென்ன தப்பு உண்டோ அதையும் ஒப்புக்கொள்கிறேன். உன் நீலப்பூக் கப்பைக் காணோம் என்று போன வருஷம் என்னைத் திட்டினாயே, எனக்கு ஞாபகமே இல்லை, ஆனாலும் நானே தொலைத்திருப்பேன், என்மேலேயே எழுதிக்கொள். இனிமேல் வெளியே காப்பி கிடையாது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக்கூட வடக்குக் கரை வழியாகத்தான் ரூசுவை ஓட்டிக்கொண்டு போகப்போகிறேன். அந்த வழியில் ஹெய்மோவின் வீடு ஒன்றுதான் இருக்கிறது. நம் சதுப்பு நிலத்தில் புகுந்து மஞ்சள் பெர்ரியைப் பறித்தான் என்று எட்டு வருஷமாக நீ அந்த ஆளோடு பேசுவதில்லை, எனக்கும் கூடாது என்றாய், என் தபால் வழியிலும் அது வராது, நான் ஒருமுறைகூட அந்தப் பக்கம் போனதில்லை. ரூசு அங்கே நிற்காமல் ஓடுவாள், நீயே பார். அவள் இப்போது என் காலடியில் படுத்து என் காலுறையை மென்றுகொண்டிருக்கிறாள். சனிக்கிழமை ஆள் வந்தால் இவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? கொஞ்சம் மனசு வை.

முழங்கால் சீக்கிரம் மடங்கட்டும், உன் மனசும் அப்படியே மடங்கட்டும். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் அம்மாளுக்கு என் வணக்கம். பதினான்கு நாய்களின் சார்பிலும் நக்கல்கள்.

இப்படிக்கு,
உன் காலில் (ஆபரேஷன் ஆகாத காலில்) விழும் தம்பி,
ஆர்வி

பின்குறிப்பு: தபால் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வடக்குக் கரை வழியாகத்தான் வந்தேன். ரூசு நின்றாள். ஹெய்மோ வீட்டு வாசலில், நான் ஒரு வார்த்தை சொல்லாமலே, ஆறு நாயும் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. மற்ற வீட்டிலாவது வாசலில் உட்காரும். இங்கே ரூசு எழுந்து, பூட்டிய வாரையும் இழுத்துக்கொண்டு படியேறிப் போய்க் கதவைப் பிறாண்டினாள். ஹெய்மோ கையில் ஆறு துண்டு சாசேஜோடு வந்து, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஹில்கா வரலியா? முழங்கால் இப்ப எப்படி இருக்கு, இடது முழங்கால்?" என்றார். ஊரில் பாதிப் பேருக்கு வலது என்றுதான் தெரியும். உள்ளே மஞ்சள் பெர்ரி ஜாம் பாட்டில் நாலு வரிசை, ஒவ்வொன்றிலும் ஒட்டிய காகிதத்தில் உன் கையெழுத்து. முப்பத்தொரு வருஷத் தபால்காரனுக்குக் கையெழுத்து தெரியாதா? எனக்குக் காப்பி ஊற்றித் தந்தது நீலப்பூக் கப்பில். இரண்டு கப் குடித்தேன். மேலே எழுதிய மன்னிப்பையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். கெமி ஆளுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ரூசு இங்கேதான் இருப்பாள். கிர்சி போகிற வழியில் போட்ட கடிதம் உன் பெயருக்கு இங்கே வந்திருக்கிறது, பிரிக்காமல் உள்ளே வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில் 'காப்பி' என்ற சொல் மூன்று இடத்தில் தெரிந்தது. பார்வையாளர் நேரம் எப்போது என்று ஹெய்மோ கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி என்று சொல்லியிருக்கிறேன். தலையை வாரிக்கொள் அக்கா.