அலைச்சித்தரின் செப்புத் தகடு

அலைச்சித்தர் கையைத் தூக்கினால் கடல் அடங்குமாம். முழுக் கடல் இல்லை, நெஞ்சுயரக் கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கிற கடல். அதற்கே தெருமுனையிலிருந்து மாடிப்படி வரை கூட்டம் நெருக்கியடித்தது. செருப்பை ஒரு பக்கம், அறிவை ஒரு பக்கம் கழற்றிவைத்துவிட்டுப் படியேறினார்கள்.

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்கும் மோகம் ஊரைப் பிடித்து ஆட்டிய சமயம் அது. மீன் கடைக்காரரிடம் கேட்டால் பம்ப் என்பார், ஹீட்டர் என்பார், லைட் என்பார், உப்பை அளக்க மீட்டர் என்பார். சித்தர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: தகடு. மந்திரம் ஏற்றிய செப்புத் தகடு. தொட்டிக்குள் போட்டுவிட்டால் வேறு சாமானே வேண்டாம். விலை மட்டும் அத்தனை சாமானுக்கும் சேர்த்து. மகான்கள் கணக்கில் என்றைக்கும் தவறுவதில்லை.

வரிசையில் ஒரு டீச்சர் நின்றார். பள்ளியில் வேதியியல் நடத்துகிறவர். மாலை வகுப்பெடுத்துத் தொண்டை கட்டிச் சேர்த்த பணம் கைப்பையில் இருந்தது. வீட்டில் சின்னத் தொட்டி தயார். பவளமும் இரண்டு கோமாளி மீனும் கடையில் சொல்லிவைத்தாயிற்று. இந்தப் பணம் தப்பான இடத்துக்குப் போனால் அந்த உயிர்களும் போகும், இன்னொரு முறை சேர்க்க டீச்சருக்குத் தெம்பும் இல்லை. கூடவே மாமியார். யாரையும் நம்பாத பிறவி. பால் பாக்கெட்டைக்கூடக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வீட்டுக்குள் விடுவார்.

"ஏம்மா, தகட்டைப் போட்டா தண்ணி தானா சுத்தமாயிடுமா?"

"சும்மா இருங்க அத்தை. எங்க ஹெட்மாஸ்டரே வாங்கியிருக்கார்."

"அவர் தொட்டி எப்படி இருக்கு?"

"நத்தை, இறால் எல்லாம் செத்துப்போச்சு. பக்தி பத்தலையாம்."

"யாருக்கு, நத்தைக்கா?"

உள்ளே சித்தர் தொட்டியருகே ஒரு தடித்த கம்பளத்தின்மேல் நின்றார். பின்னால் நீலத் திரை. தண்ணீருக்குள் பவளங்கள் விரல் விரலாய் ஆடிக்கொண்டிருந்தன.

"அடங்கு!"

ஆட்டம் நின்றது. விரல்கள் துவண்டன.

"வணங்குது! வணங்குது!" என்று கூட்டம் கைகூப்பியது.

"எழு!"

மறுபடி ஆடின. இரண்டு பட்டம் வாங்கிய ஒருவர் விம்மி விம்மி அழுதார்.

எல்லோரும் சித்தரின் கையைப் பார்க்க, மாமியார் காலைப் பார்த்தார்.

"ஐயா, அந்த நாற்காலில உட்கார்ந்து, ரெண்டு காலையும் மேல தூக்கி வெச்சுக்கிட்டு ஒருதரம் சொல்லுங்களேன்."

"எதுக்கு?"

"நின்னு நின்னு கால் வலிக்குமேன்னுதான்."

சிரிப்பு எழுந்தது. மறுத்தால் மானம் போகும். உட்கார்ந்தார். "அடங்கு!" பவளம் ஆடியது. "அடங்கு!" கடைசி பெஞ்சுப் பிள்ளைகளைப் போல அது காதிலேயே வாங்கவில்லை. மாமியார் போய்க் கம்பளத்தை ஒரு மிதி மிதித்தார். பவளம் பொசுக்கென்று தலை சாய்த்தது.

"பாத்தியா, எனக்கும் சக்தி வந்துடுச்சு!"

கம்பளத்தடியில் ஸ்விட்ச். அலையடிக்கும் பம்ப் அதில் ஓடியது, அதில் நின்றது.

சித்தர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "அது... சும்மா ஒரு விளக்கத்துக்கு! தகடு நிஜம்!"

"அதானே, தகடு நிஜம்," என்றது கூட்டம். ஏமாந்ததை ஒப்புக்கொள்வதைவிட இன்னொரு தடவை ஏமாறுவது அதற்குச் சௌகரியம்.

டீச்சர் தட்டிலிருந்த தகடு ஒன்றை எடுத்துப் புரட்டினார். செம்பு. உப்புத் தண்ணீர். இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் எழுதிய பாடம் அன்றைக்குத்தான் தலைக்குள் ஏறியது.

"சாமி, உங்க தொட்டியில தகட்டைக் காணோமே?"

"என் தொட்டிக்கு நானே தகடு."

"பரவாயில்ல, துணைக்கு ஒண்ணு கிடக்கட்டும்." தண்ணீருக்கு மேலே கையை நீட்டினார்.

"ஐயோ, போட்டுடாதீங்க! செம்பு கரைஞ்சா பவளம் அத்தனையும் செத்துடும்!"

அலறியவர் சாட்சாத் அலைச்சித்தர். பாய்ந்து வந்த வேகத்தில் திரையும் அறுந்து விழுந்தது. பின்னால் இன்னொரு பம்ப் இரைந்தது. ஹீட்டரின் விளக்கு எரிந்தது. ஸ்கிம்மர் அழுக்கை நுரையாகக் கக்கிக்கொண்டிருந்தது. உப்பு மீட்டர் பளபளத்தது. ஹெட்மாஸ்டரின் நத்தைகளுக்குப் பக்தி குறையவில்லை என்பது அப்போதுதான் பலருக்கு விளங்கியது.

"அடியே, இங்க வா. இந்தாளு விக்கறதை விட்டுட்டு, வெச்சிருக்கறதை வாங்கு."

"எல்லாம் வேணாம் அத்தை. நம்ம தொட்டி சின்னது. வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாத்தினா இப்போதைக்கு ஸ்கிம்மர் இல்லாமலே ஓட்டிடலாம். உப்பு மீட்டர்ல மட்டும் கஞ்சத்தனம் கூடாது."

"இப்பதான்டி படிச்சவ மாதிரி பேசறே."

கைப்பையை இறுக்கிக்கொண்டு இருவரும் மீன் கடைப் பக்கம் நடந்தார்கள். வாசலில் புதிதாக வந்த ஒருவர் வழிமறித்து, "மேல தகடு தீர்ந்துபோச்சுங்களா?" என்று பதறினார்.

பவளத்துக்கு மூளை கிடையாது. எவனோ ஸ்விட்சை மிதித்தால் தலை சாயும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. உனக்கு மூளை இருக்கிறதே, நீ ஏனய்யா சாய்கிறாய்?