வெள்ளத்தை நிறுத்திய மாப்பிள்ளை

பட்டாபி விட்ட வெள்ளம் அவனுடைய வருங்கால மாமனாரின் ஊருக்குள் புகுந்தபோது, அவன் அந்த மாமனாருக்கு எதிரிலேயே சோபாவில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வெள்ளம் வந்தது போனில். பட்டாபி வேலை பார்க்கும் சால்ட் லேக் பகுதிக் கம்பெனி ஓர் ஆன்லைன் விளையாட்டு நடத்துகிறது. ஆடுகிற ஒவ்வொருவரும் ஒரு மேயர். ரோடு போட்டு, பாலம் கட்டி, ஊரை வளர்க்க வேண்டும். வளர்த்து முடித்தவர்கள் கொட்டாவி விட ஆரம்பிக்கவே, அவ்வப்போது ஒரு பேரிடரை அவிழ்த்துவிட்டு இரண்டு நாளில் திரும்பக் கட்டிப்போடும் வேலையைப் பட்டாபியிடம் கொடுத்தார்கள். போன மாதம் புயல் விட்டான். இன்று மாலை வெள்ளம்.

அந்த மேயர்களில் மாமனார் வெங்கடநாராயணனும் ஒருவர் என்பது அவனுக்குத் தெரியாது. அவர் மகள் மதுவந்தி சொல்லவில்லை. அப்பாவிடம் கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் சொல், அதற்கு மேல் வாயைத் திறக்காதே என்றுதான் சொல்லியிருந்தாள்.

வெங்கடநாராயணன் லேசுப்பட்ட ஆள் இல்லை. சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டையே கட்டி மேய்த்து ரிடையர் ஆனவர். எதைக் கேட்டாலும் "யோசிக்கலாம்" என்பார். யோசித்து யோசித்தே மூன்று வரன்களை வீட்டுப் பக்கத்து டாகுரியா ஸ்டேஷன்வரை கொண்டுபோய் வழியனுப்பிவிட்டார். பட்டாபி நாலாவது. இரண்டு வருஷக் காதல், இன்றைக்கு இவர் வாயிலிருந்து ஒரு 'சரி' வந்தால்தான் கல்யாணம்.

ஆனால் அவர் வாயிலிருந்து வேறு என்னென்னவோ வந்துகொண்டிருந்தது. போனைப் பார்த்து, கிழக்கு மதகைத் திற, பஸ்ஸையெல்லாம் மேட்டில் ஏற்று என்று உத்தரவு போட்டார். முகம் சிவந்து, நெற்றி நரம்பு புடைத்து நின்றது. பட்டாபியின் அப்பா திருவேங்கடம் ஜாதகத்தைப் பற்றி ஆரம்பித்ததை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"இந்த வெள்ளத்தை விட்டவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்," என்றார்.

அது தான் விட்ட வெள்ளம்தான் என்று புரிந்ததும் பட்டாபி கேசரித் தட்டைக் கீழே வைத்தான். மனுஷருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஆபீஸிலிருந்து அவசர போன் என்று முணுமுணுத்துவிட்டு, லாப்டாப் பையோடு பால்கனிக்கு ஓடினான்.

முதல் காரியமாக அவர் ஊரில் நீர்மட்டத்தைக் குறைத்தான். தண்ணீர் எங்கேயாவது போக வேண்டாமா? நேரே பக்கத்து ஊருக்குள் பாய்ந்தது. பக்கத்து ஊரின் மேயர், எல்லாரும் 'தா', அதாவது அண்ணா, என்று கூப்பிடும் கீழ் வீட்டு முகர்ஜி தா. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் மாடிக்கே வந்துவிட்டார். உங்கள் தண்ணீரை என் தலையில் கொட்டுவதா, இதுதான் இத்தனை வருஷப் பழக்கமா என்று வங்காள மொழியில் வாங்கு வாங்கென்று வாங்கினார். வெங்கடநாராயணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தன் ஊரில் இருந்த பம்புகள் அத்தனையையும் முகர்ஜிக்கு அனுப்பிவைத்தார். இப்போது இவர் ஊரில் தண்ணீர் மறுபடி ஏறியது.

பட்டாபி பதறிப்போய் இரண்டு ஊருக்கும் இலவசமாகப் படகுகளை இறக்கினான். கொஞ்சமாக இறக்கியிருக்கலாம். படகுகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு போய்ப் பாலத்தை இடித்துத் தள்ளின. ஆஸ்பத்திரி அந்தக் கரையில், நோயாளிகள் இந்தக் கரையில். ஊர் ஜனங்கள் வேறு என்ன செய்வார்கள், கொடி பிடித்து ஊர்வலம் கிளம்பிவிட்டார்கள். மேயர் ராஜினாமா செய்ய வேண்டுமாம்.

ஹாலில் மாமனார் எழுந்தே நின்றுவிட்டார். முகர்ஜி தா சோபாவின் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் மதுவந்தி பட்டாபியைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்பது போல் இரண்டு கையையும் ஆட்டினாள். அப்பாவின் பாடு பொறுக்கவில்லை போலிருக்கிறது, பாவம் என்று அவனுக்கு நெஞ்சு உருகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் திருவேங்கடம், இனிமேல் பொறுப்பதில்லை என்று குரலை உயர்த்தி நேரடியாகவே கேட்டார்.

"அப்போ தை மாசத்துலயே கல்யாணத்தை வெச்சுக்கலாமா?"

வெங்கடநாராயணன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் வாயைத் திறந்தார். பட்டாபி கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளத்தையே அடியோடு நிறுத்தினான். எல்லா ஊரிலும், எல்லாருக்கும். நாளைக்குக் கம்பெனியில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் சரி, மாமனார் பிழைத்தால் போதும்.

தண்ணீர் வடிந்தது. பாலம் தானாக எழுந்தது. ஊர்வலம் கலைந்து வீட்டுக்குப் போனது. முகர்ஜி தா லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கினார்.

வெங்கடநாராயணன் மெல்ல உட்கார்ந்து, போனை மேஜைமேல் வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இப்போதுதான் ஹாலில் ஆட்கள் இருப்பதையே பார்த்தவர் போலிருந்தார்.

"என்ன கேட்டேள்? தை மாசமா?" என்றார். "யோசிக்கலாம். அதிருக்கட்டும், பையன் எந்தக் கம்பெனின்னு சொன்னேள்?"

பட்டாபி லாப்டாப்பைச் சட்டென்று மூடினான். கடவுளே, நல்லது செய்யப்போய் இப்படியா. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாமியார் சாவித்ரி காபி டம்ளரோடு வந்து, பின்னால் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். இவ்வளவு நேரமும் வாயே திறக்காத அம்மாள்.

"இன்னிக்கு வெள்ளம்னு மது சொன்னதாலதானே இந்த நேரத்துக்கு உங்களை வரச் சொன்னேன்? அந்த மாதிரி சமயத்துல இவர் எதுக்கும் சரின்னுடுவார், போன மாசப் புயல்லதான் எனக்குப் புது ஃபிரிட்ஜே வந்தது," என்று கிசுகிசுத்தாள். "மாப்பிள்ளை, சட்டுனு ஒரு பூகம்பம் விட முடியுமோ?"