கஜேந்திரன் பணக்காரனாக இருந்த நான்கு நாட்கள்

இனி ஆயுசுக்கும் எந்த வேலையும் செய்வதில்லை என்று கஜேந்திரன் அறிவித்தபோது அவன் வாய் நிறையப் பற்பசை நுரை. வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொல்லியிருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும். ஆனால் லொத்தரில் இருபது லட்சம் விழுந்த மனிதனுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

பசறைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் பதினெட்டு வருடமாகக் கொழுந்து அரைக்கிற ரோலரோடு மல்லுக்கட்டுகிறவன் அவன். பசறை டவுனில் கடை வைத்திருக்கும் ஜஸீல் நானா, மீதிக் காசுக்குப் பதிலாகக் கையில் திணித்த டிக்கட் அது. பரிசு விழுந்த மறுநாளே அவன் நடை மாறிவிட்டது. தோளை அகல விரித்து நடந்ததில் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசல் நிலையில் இரண்டு முறை இடித்துக்கொண்டான்.

மனைவி நிரஞ்சலாவுக்கு ஒரே ஆசைதான். அவர்களுக்குக் கிடைத்த ஏழு பேர்ச் காணியில் வீட்டு வேலை அத்திவாரத்தோடு நின்று, அதன் மேல் பூசணிக்கொடி படர்ந்து கிடந்தது. பதுளை ஹொஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் துஷாந்தினி, இந்த ஒற்றை அறை லயத்துக்கு ஒரு சிநேகிதியைக்கூடக் கூட்டி வந்ததில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் நிரஞ்சலாவுக்கு நெஞ்சு வலிக்கும். கஜேந்திரனோ பண்டாரவளையில் விலைக்கு நிற்கும் பழைய சிவப்புக் கார் ஒன்றைக் கனவில் ஏற்கனவே ஓட்டிக்கொண்டிருந்தான்.

“காரு வாங்கிட்டா சந்தோஷம் வந்துருமா?” என்று கேட்டாள்.

“பணக்காரனா வாழ்ந்தாத்தான் சந்தோஷம். ஒனக்கு அதெல்லாம் வெளங்காது.”

“எனக்கா வெளங்காது? கொழும்புல நாலு வருஷம் பங்களா வீட்டுல வேலை செஞ்சது யாரு? சொகமா வாழுறதுன்னா என்னன்னு கூடவே இருந்து பாத்தவ நானு.”

கஜேந்திரன் பார்த்த ஒரே பணக்காரர் ஜஸீல் நானா. அவரும் கடையில் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்குகிறவர்.

நிரஞ்சலா ஒரு பந்தயம் கட்டினாள். அந்தக் கொழும்பு வீட்டிலேயே யார் ரொம்பச் சொகுசாக இருந்தார்களோ, அவர்களைக் கவனித்துக்கொண்ட மாதிரியே ஏழு நாளைக்கு அவனைக் கவனித்துக்கொள்வாள். ஏழு நாளும் தாக்குப் பிடித்தால் கார். நடுவில் போதும் என்றால் வீடு. கஜேந்திரன் சிரித்த சிரிப்பில், பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வேலாயி என்னவோ ஏதோவென்று ஓடி வந்தாள். அவளையே சாட்சியாக வைத்து, மாரியம்மன் மேல் சத்தியம் பண்ணினான். பெக்டரியில் ஒரு வாரம் லீவும் சொன்னான்.

முதல் நாள் காலை ஐந்து மணிக்கு அவன் போர்வை உருவப்பட்டது.

“நடக்கப் போகணும். அந்த வீட்டுல தவறாத பழக்கம்.”

பனியில் பல் கிட்டித்தது. வழுக்கி விழுந்துவிடப் போகிறான் என்று அவன் கழுத்து மப்ளரின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களம் வரை போய், அதைச் சுற்றி, திரும்பி வந்தார்கள். வந்ததும் அடி கனத்த, ஓரம் அகன்ற புது சில்வர் கிண்ணம் ஒன்றை முன்னால் வைத்தாள். அவித்த கரட், அவித்த கோவா இலை, அவித்த கோழி.

“உப்பு?”

“ஆகாது. முடி கொட்டிரும்.”

“சரி, தேத்தண்ணியாவது குடு.”

“அதுவும் ஆகாது. பச்சத் தண்ணிதான்.”

நாள் முழுக்கத் தேயிலைக்கு நடுவில் வாழ்கிறவனுக்குத் தேத்தண்ணி இல்லை. ஆனாலும் பதினோரு மணிக்கு அவள் வெந்நீர் வைத்து, வாசனைச் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டி, காதைத் துடைத்து, நகம் வெட்டி, தலை வாரி விட்டபோது கஜேந்திரன் கண்ணை மூடிக்கொண்டான். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் அவனுக்குத் தலை வாரிவிட்டதே இல்லை. சிவப்புக் காரின் ஹோர்ன் சத்தம் காதுக்குள் கேட்டது. பணக்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான் என்று முனகினான்.

இரண்டாம் நாள் ஜஸீல் நானா கடைக்குப் போய் நாலு பேரிடம் நாலு கதை பேசலாம் என்று கிளம்பினான். நிரஞ்சலா உட்காரும் மர வாங்கை வாசலில் குறுக்கே போட்டாள்.

“அந்த வீட்டுல கேட்டைத் தாண்டவே விடமாட்டாங்க. தெருவுல திரியிறவங்களோட சேர்ந்தா எதாவது ஒட்டிக்கும்.”

எதிர் லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் அவனுடைய கூட்டாளிகள் கெரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துப் பார்த்தான். சிவப்புக் காயை இப்படியா அடிப்பான் என்று பொறுக்க முடியாமல் கத்தினான். உடனே நிரஞ்சலா வந்து, சத்தம் போடக் கூடாது, அக்கம்பக்கத்தில் குறை சொல்வார்கள் என்று மெதுவாக முதுகைத் தடவிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் பூச்சி மாத்திரை. அதை வாழைப்பழத்துக்குள் ஒளித்து வைத்துக் கொடுத்தாள். பழம் கிடைத்த மகிழ்ச்சியில் அவன் மாத்திரையைக் கவனிக்கவே இல்லை.

நான்காம் நாள் மழை. வேலாயி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். லயத்தில் இரண்டு காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரை போவதில்லை. சுவருக்கு மேலாகக் குழம்பு வாசம் இறங்கி வந்தது. பின்னாலேயே இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி வாசம். கஜேந்திரன் கிண்ணத்துக் கரட்டைப் பார்த்தான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“நிரஞ்சலா, காரு வேணாம்.”

“என்னங்க இது? இன்னும் மூணே நாளுதானே.”

“வீட்டையே கட்டு. மொதல்ல ஒரு தேத்தண்ணி ஊத்து. சீனி ரெண்டு கரண்டி.”

அன்று அவன் வேலாயி வீட்டில் மூன்று தடவை சோறு போட்டுச் சாப்பிட்டான். மறுநாளே பெக்டரிக்குப் போய், லீவு பாக்கியிருக்கும்போதே ரோலரைத் தட்டிக் கொடுத்தான்.

எட்டு மாதத்தில் வீடு எழும்பியது. இரண்டு அறை, நீலக் கதவு, வாசலில் பழைய பூசணிக்கொடியின் பிள்ளைக்கொடி. துஷாந்தினி முதல் லீவுக்கே நாலு சிநேகிதிகளோடு வந்து இறங்கினாள். அவர்கள் சிரிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு குசினி அடுப்படியில் நின்ற நிரஞ்சலாவின் முகத்தைப் பார்த்தபோது, காரில் போனால்கூட இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது என்று கஜேந்திரனுக்கே தோன்றியது.

இப்போது அவன் ஒரு ஞானி. ஜஸீல் நானா கடையில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, பணக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள், பாவப்பட்ட ஜென்மங்கள் என்று உபதேசம் செய்வான். நான் வாழ்ந்து பார்த்தவன் என்பான். நிரஞ்சலா வேலை செய்த கொழும்பு வீட்டு ஐயாவுடைய கஷ்டத்தைச் சொல்லும்போது அவன் குரல் தழுதழுக்கும். நானா மூட்டை தூக்குவதை நிறுத்திவிட்டு உச்சுக் கொட்டுவார்.

கொஞ்சம் பிந்தி வைத்த குடிபுகும் விருந்துக்கு அந்த ஐயாவும் மேடமும் கொழும்பிலிருந்து காரில் வந்தார்கள். கஜேந்திரன் நல்ல மனசுக்காரன். ஐயாவுக்கென்று விடியற்காலையிலேயே தன் கையால் உப்பில்லாமல் கரட் அவித்து மூடி வைத்திருந்தான்.

ஐயா கரட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆட்டிறைச்சியை இரண்டு தரம் கேட்டு வாங்கினார். கருவாட்டைச் சப்பினார். மூன்று கரண்டி சீனியோடு தேத்தண்ணி குடித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக் கெரம் ஆட உட்கார்ந்தார்.

கஜேந்திரன் கவலையோடு குனிந்தான். “ஐயா, நாளைக்கு அஞ்சு மணிக்கு நடக்கணுமே. ஒடம்பு தாங்குமா?”

“நடக்கிறதா? எட்டு மணிக்கு முந்தி என்னை எழுப்பினவங்க யாரும் இல்ல தம்பி,” என்று ஐயா வயிறு குலுங்கச் சிரித்தார்.

அப்போது மேடம் காரின் பின்கதவைத் திறந்தார். தலை முதல் வால் வரை வாரிவிட்ட பொன்னிற நாய் ஒன்று குதித்து இறங்கியது.

“நிரஞ்சலா, நீ பழக்கின எதையும் இவன் இன்னும் மறக்கல்ல. காலையில அஞ்சு மணிக்கு நடை. உப்பில்லாம அவிச்ச கரட். மாத்திரைய மட்டும் வாழைப்பழத்துக்குள்ள வச்சாத்தான் முழுங்குவான். பாவம், பசியோட இருக்கான். இவனுக்குச் சாப்பிட ஏதும் இருக்கா?”

நிரஞ்சலா புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

“கரட்டு இருக்கு மேடம், இவரே அவிச்சு வச்சிருக்காரு. கிண்ணமும் இருக்கு, நாலே நாளுதான் பாவிச்சது.”