ஆளுக்கு மூன்று வார்த்தை

எனக்கு என் நண்பர்கள் மேல் அபார நம்பிக்கை உண்டு. பணம் என்று வந்தால்தான் கிடையாது. இந்த அற்பக் குணத்தால், இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் என் உயிர்த்தோழன் பஷீரைக் காப்பி அடித்தவனாக மாட்டிவிட்டேன்.

எங்கள் கல்லூரி கேன்டீனில் டீயைவிட கிரிப்டோ அதிகம் ஓடிய காலம் அது. நான், பஷீர், தினேஷ், கார்த்தி நால்வரும் ஆளுக்குப் பத்தாயிரம் போட்டு ஒரு காயின் வாங்கினோம். (என் பங்கு, அப்பாவிடம் 'பிராஜெக்ட் செலவு' என்று கறந்தது.) காயினின் சின்னம் ஒரு கொழுத்த பூனை. ஆறே மாதத்தில் நூறு மடங்கு ஆகும் என்று ஒரு யூடியூபர் அடித்துச் சொல்லியிருந்தார். பட்டாபிராமில் எந்தப் பக்கம் வாசல் வைத்து வீடு கட்டுவது என்பதுவரை நான் போய்விட்டேன்.

காயின் இருக்கும் வாலட்டைத் திறக்கப் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் வரிசையாகத் தெரிய வேண்டும். தெரிந்தவன் மொத்தத்தையும் சுருட்டிவிடலாம். எனவே குமணன்சாவடி டீக்கடையில் வைத்து ஆளுக்கு மூன்றாகப் பிரித்தேன். ஒருவன் தன் பங்கை எழுதும்போது மற்ற மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். டீ மாஸ்டர் எங்களைப் பற்றி என்ன நினைத்தாரோ. பிறகு போனிலிருந்து ஆப்பை அழித்தோம். செத்தாலும் வெளியே சொல்வதில்லை, பரீட்சை முடியும்வரை விலை பார்ப்பதில்லை என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கினேன்.

நாங்கள் மூவரும் மனப்பாடம் செய்துவிட்டோம். பஷீருக்கு வாய்ப்பாடே நிற்காது. சீட்டைச் சட்டைப் பையில் வைத்தபடியே திரிந்தவன், கணக்குப் பரீட்சைக்கும் அதோடு போய்விட்டான்.

பறக்கும் படை வந்தது. சீட்டு சிக்கியது. 'அம்ப்ரெல்லா, டர்ட்டில், விண்டோ.' படையில் வந்த சார் தலைகீழாகவும் படித்துப் பார்த்தார். எந்த ஃபார்முலாவும் வராததால், இது பெரிய கேங் வேலை என்று முடிவு கட்டிவிட்டார். என்ன அர்த்தம் என்று எத்தனை தடவை கேட்டும் பஷீர் வாய் திறக்கவில்லை. யூனிவர்சிட்டிக்கு ரிப்போர்ட் போனால் அவனுக்கு ஒரு வருடம் காலி. பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருக்கும் அவன் அத்தா, பையன் இன்ஜினியர் ஆகப்போகிறான் என்று அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நான் அவனிடம் எகிறினேன்.

"சத்தியம் வாங்குனது நீதானே மச்சான்" என்றான் பஷீர். குரலில் கோபமே இல்லை.

(உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. ஒரு முழு நாள் யோசித்தேன். சொன்னால் பிராஜெக்ட் கதை அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.)

மறுநாள் துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பாமல் அப்பாவை வரவழைத்தார். அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து ஷிஃப்டை விட்டுவிட்டு, யூனிஃபார்மோடு வந்தார் அப்பா. சுவரைப் பார்த்து நின்றது உட்பட எல்லாவற்றையும் அவரிடமும் சொல்ல வைத்து, அவர் எதிரிலேயே வாலட்டைத் திறந்து காட்டச் சொன்னார் துறைத் தலைவர். எல்கேஜி பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்று ஆளுக்கு மூன்று வார்த்தை ஒப்பித்தோம். பஷீரின் மூன்றை மட்டும் துறைத் தலைவரே சீட்டைப் பார்த்து வாசித்தார்.

வாலட் திறந்தது. பூனை வந்தது. அதன் கீழே எங்கள் நாற்பதாயிரம் முன்னூற்றுப் பன்னிரண்டு ரூபாயாக நின்றது.

துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, சீட்டுக்கும் பாடத்துக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பஷீர் தப்பித்தான்.

அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பஷீரைத்தான் பார்த்தார்.

"முன்னூறு ரூபாய்க்கா ஒரு வருசத்த உட இருந்தே?"

"அவ்ளோதான் கீதுன்னு தெரியாதுப்பா."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பியா?"

பஷீர் கொஞ்சம் யோசித்தான். "மாட்டேன்பா" என்றான்.

அப்பா ரிட்டயர் ஆகி மூன்று வருடம் ஆகிறது. அவருடைய ஏடிஎம் கார்டின் ரகசிய எண் முழுசாகத் தெரிந்தவர்கள் வீட்டில் அம்மா, வெளியில் பஷீர். எனக்கு முதல் எண்ணை மட்டும் சொல்லியிருக்கிறார். மீதியைக் கேட்டால், வீட்டுக்கு யார் வந்திருந்தாலும் சரி, அவர்கள் எதிரிலேயே என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்கிறார்.