என் மனைவி கூப்பிட்டாள், துரைசாமி ஓடி வந்தார்

எங்கள் வீட்டுப் பூனையைப் பார்த்தே பொறாமைப்பட்டவன் நான். அதன் பெயர் சொக்கி. கல்யாணமான கையோடு கப்பலேறிப் பினாங்குக்கு வந்த என் மனைவி கமலம், பொழுது விடிந்ததிலிருந்து அந்தச் சொக்கியை வாய் ஓயாமல் பெயர் சொல்லிக் கொஞ்சுவாள். பால்காரர், எதிர்வீட்டுச் சீனக் கிழவி, வாசலில் கத்திக்கொண்டு போகும் மீன்காரர், எல்லோருக்கும் அவள் வாயில் ஒரு பெயர் இருந்தது. எனக்கு மட்டும் 'ஏங்க'. அதையும் சுவரைப் பார்த்துத்தான் சொல்வாள்.

(புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். என் அம்மாவும் அப்பா பெயரைச் சொன்னதில்லைதான். ஆனால் அம்மா சொல்லாதது அப்பாவின் கவலை; எனக்கென்ன?) வைத்திலிங்கம் என்ற என் பெயரை ஆபீஸில் வெள்ளைக்காரத் துரைகூடக் கடித்துத் துப்பியாவது சொல்லிவிடுவார். வீட்டில் அதற்கும் வழியில்லை. பெயர் போகட்டும், அவள் என்னை நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. என்னைப் பிடித்திருக்கிறதா, இல்லை தலையெழுத்தே என்று குடும்பம் நடத்துகிறாளா? மாதங்கள் ஓடியும் எனக்கு அது விளங்கவில்லை. வாய்விட்டுக் கேட்கத் தைரியமும் இல்லை.

இந்த நிலையில்தான் பக்கத்து வீட்டுத் துரைசாமி அண்ணன் என் வயிற்றில் நெருப்பு வைத்தார். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்திய சமாசாரம் இது. அவருக்குக் காட்டு இலாகாவில் வேலை. காக்கி அரைக்கால்சட்டை, முழங்கால் வரை பூட்ஸ், கர்ஜிக்கிற தொண்டை. சீனப் பெருநாள் லீவுக்கு முன்தினம் வேலிக்கு மேலே தலையை நீட்டினார்.

"தம்பி, லீவுக்கு வீட்ல படுத்து என்ன செய்யப் போறீங்க? தெலுக் பஹாங் தாண்டிக் காட்டுல எங்க இலாகா கொட்டகை ஒண்ணு சும்மா கிடக்கு. ஒரு ராத்திரி தங்கிட்டு வரலாம் லா. வாசல்ல கடல், பின்னால காடு. எங்க வீட்லயும் வருது, உங்க வீட்டையும் கூட்டிட்டு வாங்க."

நான் யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "போலாம் அண்ணே!" என்னிடம் நாள் முழுக்கப் பேசுவதைவிட அது சத்தமாக இருந்தது.

காடாக இருந்தால் என்ன, துரைசாமிக்கு நான் மட்டமா? கல்யாணத்துச் சரிகை வேட்டி, டசூர் கோட்டு, புதுப் பம்ப் ஷூ என்று கிளம்பினேன். துரைசாமியின் மனைவி மீனாட்சி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன தம்பி, பொண்ணு பார்க்கவா போறோம்?" கமலம் சிரித்தாள். யார் பக்கம் சிரித்தாள் என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு போனேன்.

பஸ் நின்ற கிராமத்திலிருந்து சம்பான் படகில் போக வேண்டும். ஏறிய கொஞ்ச நேரத்தில் நான் காலையில் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். கமலம் பதறினாள். ஆனால் யாரிடம் பதறினாள்? "அண்ணே, இவருக்கு என்ன செய்யுது?" என்று துரைசாமியிடம்! என் வயிற்றைப் பற்றி என்னிடம் கேட்கக் கூடாதா?

கொட்டகை என்றால் கொட்டகைதான். அத்தாப்பு ஓலைக் கூரை, மூங்கில் தரை, கீழே நண்டுகளின் நடமாட்டம். உள்ளே பெண்கள், வெளித் தாழ்வாரத்தில் ஆண்கள் என்று ஏற்பாடு. கமலம் மூன்று கல்லைக் கூட்டி மீன்குழம்பு வைத்தாள். "அண்ணே, இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்கங்க" என்று அவருக்கு உபசாரம். என் பக்கம் சட்டி மட்டும் மெதுவாக நகர்ந்து வந்தது, பேச்சில்லாமல். அந்தக் குழம்பு அவ்வளவு ருசியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் கோபம்.

மறுநாள் காலை மலைமேல் இருக்கும் கலங்கரை விளக்கத்தைப் பார்க்கக் காட்டுப் பாதையில் நடந்தோம். துரைசாமி பராங் கத்தியால் கொடிகளைச் சீவிக்கொண்டு முன்னே போக, பெண்கள் நடுவே, சரிகை வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நான் கடைசி.

"அண்ணே, இது என்ன மரம்?"

"மெரந்தி மா."

"அண்ணே, அந்தக் குரங்கு ஏன் கண்ணாடி போட்ட மாதிரி இருக்கு?"

"அது லொத்தோங். வெக்கப்படுற சாதி, மனுசனைக் கண்டா ஓடிடும்."

எனக்குப் பொறுக்கவில்லை. பாதையோரம் ஒரு காயைக் கண்டதும், "கமலம், இதோ பலா!" என்றேன். துரைசாமி திரும்பிப் பார்த்துவிட்டு, "கிட்டத்தட்ட சரிதான் தம்பி. இது காட்டுச் செம்படாக்" என்றார் பெருந்தன்மையாக. அவர் மட்டம் தட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பெருந்தன்மைதான் என்னைக் கொன்றது.

அப்போதுதான் அந்த அருமையான யோசனை தோன்றியது. காணாமல் போய்விடுவது! நான் இல்லை என்று தெரிந்தால் கமலம் என்ன செய்கிறாள் பார்ப்போம். தவித்தால் பிடித்திருக்கிறது. அடுத்த மரத்தின் பெயரைக் கேட்டால் பிடிக்கவில்லை. பாதை வளைந்த இடத்தில் சட்டென்று இறங்கி ஒரு புதருக்குள் போய் உட்கார்ந்தேன். எவ்வளவு பெரிய மூளை பாருங்கள்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. "ஐயோ, இவரைக் காணோமே!" கமலம்தான். ஆகா, என்று தொடையைத் தட்டிக்கொண்டேன். துரைசாமி, "நீங்க ரெண்டு பேரும் இங்கேயே நில்லுங்க. நான் கீழ்ப் பக்கம் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தில் இறங்கிவிட்டார்.

"ஏங்க!" என்று கூப்பிட்டாள் கமலம். எனக்கு உச்சி குளிர்ந்தது. இன்னும் கொஞ்சம் தவிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"இதோ வந்துட்டேன்!" என்று பள்ளத்திலிருந்து பதில் வந்தது. துரைசாமி! மீனாட்சி அக்காவும் அவரை 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவார். மனிதருக்கு அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், வாய் தானாகப் பதில் சொல்லிவிடும். அலைச் சத்தத்தில் குரல் வித்தியாசம் தெரியாமல் கமலம் சரிவில் தடதடவென்று ஓடினாள்.

"அட, நீங்களா அண்ணே!"

"மன்னிச்சுக்கமா. பழக்கதோசம்."

அவள் இந்தப் பக்கம் வந்து மறுபடி 'ஏங்க' என்றாள். அந்தப் பக்கம் மறுபடி 'இதோ' என்றது. அவள் மறுபடி ஓடினாள். என் பெண்டாட்டி எனக்காகக் கண்ணீரும் கம்பலையுமாகக் கூப்பிடுகிறாள். ஊரார் புருஷன் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்! இதைவிட ஒரு கொடுமை எந்த மனுஷனுக்காவது நடந்திருக்குமா? வந்த ஆத்திரத்தில் புதரிலிருந்து பாய்ந்தேன்.

நான் பாய்ந்தேன், வேட்டி பாயவில்லை. நான் உட்கார்ந்திருந்தது பிரம்புக் கொடிக்குள். அதன் கொக்கி முட்கள் சரிகையைப் பிடித்தால் பிடித்ததுதான். இழுத்தேன், கிழிந்தது. இன்னும் இழுத்தேன், இடுப்பைவிட்டே போய்விட்டது. இழுத்த இழுப்பில் மேலே இருந்த முசுறு எறும்புக் கூடு என் கழுத்துப் பட்டைக்குள் விழுந்தது. மேலே கோட்டு, கீழே ஷூ, நடுவில் கோவணம். பத்தடி தள்ளி மீனாட்சி அக்கா நிற்கிறார். எப்படி வெளியே போவது? கோட்டைக் கழற்றி இடுப்பில் கட்டலாம் என்ற எண்ணம் அன்று சாயங்காலம்தான் வந்தது. எறும்பு கடிக்கக் கடிக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, இந்தக் காட்டுல புலி இருக்கா?" பள்ளத்தை நோக்கிக் கேட்டாள் கமலம்.

"சேச்சே, இந்தத் தீவுல புலி ஏதுமா? மலைப்பாம்புதான் இருக்கு" என்று தைரியம் சொன்னார் துரைசாமி.

அவ்வளவுதான். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு கூப்பாடு.

"வைத்திலிங்கோம்!"

கமலம்! 'ங்க' இல்லை, மரியாதை இல்லை, மாட்டைத் தொலைத்தவன் கத்துவது போல முழுப்பெயரும் அடிவயிற்றிலிருந்து வந்தது. எனக்கு வேட்டி மறந்தது, எறும்பு மறந்தது, மீனாட்சி அக்காவும் மறந்துபோனார். "இதோ இருக்கேன் கமலம்!" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாதையின் நடுவில் குதித்தேன்.

மீனாட்சி அக்கா, "முருகா!" என்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். கமலம் மட்டும் நேராகப் பார்த்தாள். என் முகத்தை மட்டும்தான் பார்த்தாள். கீழே என்ன இருந்தது, என்ன இல்லை என்பது அவள் கண்ணில் படவே இல்லை. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். "போச்சே! பேரைச் சொல்லிட்டேனே! உங்க ஆயுசு போச்சே!"

துரைசாமி பராங்கால் வெட்டி வேட்டியை நாலைந்து நாடாவாக மீட்டுக் கொடுத்தார். கலங்கரை விளக்கத்தை யாரும் பார்க்கவில்லை. அவர் தோள்பையில் வைத்திருந்த மாற்று அரைக்கால்சட்டை எனக்கு இரண்டு சுற்று பெரிது. இரு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கொட்டகை வரும்வரை கமலம் என் கோட்டு நுனியை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒரு மரத்தின் பெயரையும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என் பெயரை அவள் சொன்னதேயில்லை. குறைந்த ஆயுசை ஈடுகட்ட வேண்டுமென்று வருஷம் தவறாமல் சீனப் பெருநாளன்று தண்ணீர்மலைக் கோயிலில் எனக்கு அர்ச்சனை. இப்போது பேரன் பேத்திகளும் கூட வருகிறார்கள், சாமி கும்பிட அல்ல, வேடிக்கை பார்க்க. அர்ச்சகர், "யார் பேருக்கு?" என்று கேட்பார். கமலம் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். பக்கத்தில் நிற்கும் நான் வாயைத் திறப்பதற்குள் துரைசாமி, அன்று காட்டில் அவள் கத்தினாளே, அதே ராகத்தில் "வைத்திலிங்கோம்!" என்று கர்ஜிப்பார். கோயிலே திரும்பிப் பார்க்கும். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

"என் பேரை நானே சொல்லக் கூடாதா?" என்று போன வருஷம் கேட்டேவிட்டேன்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் கமலம். "அண்ணன் சொன்னாத்தான் சாமி காதுல விழும்."

இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது.